அலாய் வீலில் கறுப்பு உரிகிறதா? பவுடர் கோட்டிங் போடும் முன்

நண்பரே, ஸ்ப்ரே கேன் இரண்டு முறை அடித்தும் ஆறே மாதத்தில் பைக்கின் அலாய் வீலில் (அலுமினியக் கலவைச் சக்கரம்) கறுப்புப் பெயின்ட் உரிகிறது, பவுடர் கோட்டிங் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வண்டி நிற்பது திருவான்மியூர் கடற்கரைப் பக்கம் என்றீர்களே, பாதி பதில் அங்கேயே இருக்கிறது. உப்புக்காற்றில் அலுமினியம் வெள்ளையாகப் பூத்துவிடும். அதைச் சுத்தமாக எடுக்காமல் மேலே எதை அடித்தாலும் பொருக்காகத்தான் வரும்.

பவுடர் கோட்டிங் தாராளமாகப் போடுங்கள். ஆனால் அது வண்ணப் பவுடரைத் தூவி, சுமார் 180 முதல் 200 டிகிரி சூட்டில் அடுப்பில் வேகவைக்கிற சமாசாரம். டயர், டிஸ்க், பேரிங், ஆயில் சீல், வால்வு எல்லாவற்றையும் கழற்றித்தான் கொடுக்க வேண்டும். பேரிங் உட்காரும் குழியையும் டிஸ்க் பதியும் முகத்தையும் மறைத்து அடிக்கச் சொல்லுங்கள். எனக்கு ஒரு பட்டறையில் இதை மறந்துவிட்டார்கள். பேரிங் இறங்கவே இல்லை, ஒரு ஞாயிறு முழுக்க எமரி தாளோடு போயிற்று!

இன்னொன்று, வார்ப்பு வீலில் நுண்துளைகள் இருக்கும். பவுடர் தூவும் முன் ஒருமுறை வெறுமனே சூடாக்கினால் உள்ளிருக்கும் காற்று வெளியேறிவிடும், பின்னால் கொப்புளம் வராது. மணல் வீசிச் சுத்தம் செய்ததும் விரிசல் இருக்கிறதா என்று நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். கழற்றிய பழைய பேரிங்கைத் திரும்பப் போடாதீர்கள், புதுசு வாங்க, சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோடு இருக்கவே இருக்கிறது.