ராக்கெட்டின் அடக்க விலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வீட்டு வெண்கல அண்டா நாலு தலைமுறைக் கல்யாணம் பார்த்துவிட்டது. ராக்கெட்டையும் அப்படிப் புழங்கினால் செலவு பத்தில் ஒன்றாகிவிடும் என்கிறார்கள். ஆனால் ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனியின் ஃபால்கன் 9 ராக்கெட்டுக்கு 2016-இல் அறிவித்த விலை 6.2 கோடி டாலர்; 2024-இல் கிட்டத்தட்ட 7 கோடி. என்னதான் குறைந்தது?

மெய்யப்பன், காரைக்குடி

அன்புள்ள மெய்யப்பன்,

குறைந்தது அடக்க விலை. விற்கும் விலையை இறக்க வைக்கிற அளவுக்குப் போட்டி இல்லாததால் மிச்சம் கம்பெனியிலேயே தங்கிவிடுகிறது. அடக்க விலையும் பத்தில் ஒன்றாகவில்லை. உங்கள் ஊர்க்காரர்களுக்குப் பேரேடு புதிதா என்ன, போட்டே பார்த்துவிடலாம்.

புது ராக்கெட்டின் அடக்கம் 100 என்று வையுங்கள். எலான் மஸ்க் சொன்ன விகிதப்படி முதல் அடுக்கு 60, மேல் அடுக்கு 20, செயற்கைக்கோளை மூடும் கவசம் 10, ஏவும் செலவு 10. எரிபொருள் 1 கூட வராது. இதில் தானே திரும்பி வந்து இறங்குகிற அண்டா முதல் அடுக்குதான். அதிலும் கொள்ளளவு குறைந்துவிடும். இறங்குவதற்கு எரிபொருளை மிச்சம் பிடிக்க வேண்டும், கால்களையும் துடுப்புகளையும் சுமக்க வேண்டும். பூமியை ஒட்டிய தாழ்வட்டப் பாதைக்கு, கடலில் தொலைத்துவிட்டால் 22.8 டன், கடலில் நிற்கும் மிதவைமேல் இறக்கினால் 17.5 டன் அளவுதான்.

மீட்கவும் பழுதுபார்க்கவும் தடவைக்கு 5 என்று நான் போடுகிறேன். தொலைத்தால் டன்னுக்கு 4.4. இரண்டு தடவை பறந்தால் முதல் அடுக்கின் 60 இரண்டாகப் பிரிந்து 4.3, பெயருக்குத்தான் லாபம். பத்துத் தடவைக்கு 2.9. இருபதுக்கு 2.7. பத்துக்கு மேல் முதல் அடுக்கு எத்தனை தடவை வந்தாலும் பெரிதாக இறங்காது; தொலைந்துபோகிற மேல் அடுக்கின் 20 அப்படியே நிற்கிறது. கவசத்தைப் பாராசூட்டில் இறக்கிக் கடலில் பொறுக்குவதும், அடுத்த ராக்கெட்டான ஸ்டார்ஷிப்பில் இரண்டு அடுக்கையும் மீட்கப் பார்ப்பதும் இதனால்தான்.

இறங்குவதும் லேசில்லை. காலியான முதல் அடுக்குக்கு ஒரே எஞ்சினின் குறைந்தபட்ச உந்துவிசைகூட அதிகம். அந்தரத்தில் நிற்க முடியாது. வேகம் பூஜ்யமாகும் கணத்தில் தரை வந்தாக வேண்டும். 2018 பிப்ரவரியில், மூன்று முதல் அடுக்குகளைப் பக்கம் பக்கமாகக் கட்டிய ஃபால்கன் ஹெவியின் நடு அடுக்கில் பற்றவைக்கும் திரவம் தீர்ந்துபோனது. மூன்று எஞ்சினில் ஒன்றுதான் பற்றியது. மிதவைக்குப் பக்கத்தில் கடலில் மோதி நொறுங்கியது.

பேரேட்டில் வராத ஒன்று தொழிற்சாலை. வருஷத்துக்குப் பத்தே ஏவுதல் என்றால் ஒரு முதல் அடுக்கே போதும். மீதி நாளெல்லாம் ஆட்களுக்குச் சம்பளம் மட்டும் ஓடும். ஃபால்கன் 9, 2024-இல் 130 தடவைக்கு மேல் பறந்தது. அதில் பெரும்பகுதி கம்பெனியின் சொந்த ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள் சரக்கு. வேலையை அவர்களே உண்டாக்கிக்கொண்டார்கள்.

இஸ்ரோவுக்கு இதுதான் இடிக்கிறது. பி.எஸ்.எல்.வி.யின் முதல் அடுக்கு திட எரிபொருள். மூட்டினால் அணைக்க முடியாது, திருப்பி இறக்கும் பேச்சே இல்லை. 2024 செப்டம்பரில் 8,240 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற அடுத்த தலைமுறை ஏவுகலனில் முதல் அடுக்கு மீண்டு வரும், 30 டன் வரை தூக்கும். வருஷத்துக்கு ஒற்றை இலக்க ஏவுதலோடு நின்றால் அந்த மீட்பு, போட்ட பணத்தையே தின்னும். வருஷத்துக்கு முப்பது ஏவுதலாவது எட்டுகிற அளவுக்குச் சரக்கு யாரிடமிருந்து வரும் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.