சர்க்கரை நோயாளிக்குத் தேர்வு எதற்கு?

கேள்வி: எனக்கு 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. அண்மையில் மருத்துவமனையில் ஒரு வினாத்தாளைக் கொடுத்து, விடைகளைக் குறித்துத் தரச் சொன்னார்கள். இந்த வயதில் எங்களுக்குத் தேர்வு எதற்கு? அதிக மதிப்பெண் வாங்கினால் சர்க்கரை குறைந்துவிடுமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: மதிப்பெண்ணால் மட்டும் சர்க்கரை குறையாது. தினமும் பாதங்களைக் கழுவிப் பார்க்க வேண்டும் என்று சரியாகக் குறித்தவர்கள் எல்லோரும் வீட்டில் அதைச் செய்வதில்லை. ஆயினும், நோயாளிக்கு எது தெரியவில்லை என்பதை அறியாமல் ஆலோசனை சொல்பவர், அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்க நேரிடும் என்பதால்தான் இத்தகைய வினாத்தாள்கள் வந்தன. இவற்றுள் பல நாடுகளிலும் பயன்படுவது, அமெரிக்காவின் மிச்சிகன் நீரிழிவு ஆய்வு, பயிற்சி மையத்தில் உருவான வினாத்தாள். அதன் நம்பகத்தன்மையைச் சோதித்த ஆய்வு 1998-இல் வெளியானது. மொத்தம் 23 கேள்விகளில் 14 எல்லோருக்கும் பொது. மற்ற 9 இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு உரியவை.

அதில் ஒரு கேள்வியைப் பாருங்கள். ரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிட்டால் எதைக் கொடுக்கக் கூடாது என்று கேட்டு, மூன்று மிட்டாய், அரை கப் ஆரஞ்சுச் சாறு, ஒரு கப் டயட் குளிர்பானம், ஒரு கப் கொழுப்பு நீக்கிய பால் என நான்கு விடைகளைத் தருகிறார்கள். இனிப்பே ஆகாது என்று ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பழகியவர், சட்டென்று மிட்டாயைக் குறித்துவிடுவார். சரியான விடை டயட் குளிர்பானம். அதில் சர்க்கரை இல்லாததால், கை நடுங்கி வியர்த்துக் கொட்டும் நேரத்தில் அதைக் குடிப்பதும் பச்சைத் தண்ணீர் குடிப்பதும் ஒன்றுதான். இந்தத் தவறு தாளில் தெரியவந்தால், செவிலியர் அன்றைக்கே உட்காரவைத்து விளக்கிவிடலாம்.

இந்த வினாத்தாளை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மாவுச்சத்து எதில் அதிகம் என்ற கேள்விக்கு அவர்கள் தரும் விடைகளில் சுவிஸ் பாலாடைக்கட்டியும் வேர்க்கடலை வெண்ணெயும் இருக்கின்றன. அவற்றைக் கண்ணால் பார்த்திராதவர் தவறாகக் குறித்தால், அது நோயைப் பற்றிய அறியாமை ஆகாது. நம் ஊரில் கேட்க வேண்டியவை வேறு: கேழ்வரகுக் களியை அளவில்லாமல் சாப்பிடலாமா, வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் ரத்தச் சர்க்கரையை உயர்த்துமா, காய்ச்சல் வந்து சாப்பிட முடியாத நாளில் இன்சுலினைத் தாமாகவே நிறுத்தலாமா?

அடுத்த முறை செல்லும்போது உங்கள் விடைத்தாளைக் கேட்டு வாங்கி, தவறிய கேள்விகளை மட்டும் மருத்துவரிடம் காட்டி விளக்கம் பெறுங்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவராக இருந்தால், அது தொடர்பான கேள்விகளில் தவறியவற்றை முதலில் கேளுங்கள்.