தாங்கிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் நட்டு

பழைய கார்ப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது 1975ஆம் ஆண்டு மினி. பின் ஷொக் அப்சோர்பர் இரண்டிலும் எண்ணெய் கசிகிறது. வலப்பக்கத்தின் மேல் நட்டு டிக்கிக்குள் தெரிகிறது. இடப்பக்கத்து நட்டைக் கண்ணாலும் காண முடியவில்லை. பின் சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டமான பின் சப்ஃபிரேமையே இறக்க வேண்டும் என்கிறார் ஒரு மெக்கானிக் பாஸ். சக்கர வளைவுத் தகட்டில் கை நுழையும் அளவுக்குத் துவாரம் வெட்டித் தருகிறேன் என்கிறார் இன்னொருவர். எவர் சொல்வது சரி? (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: இரண்டு பேர் சொல்வதும் வேண்டாம். அந்த நட்டு டிக்கிக்குள்தான் இருக்கிறது. பெற்றோல் தாங்கி அதை மறைத்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். தாங்கியைக் கொஞ்சம் நகர்த்தினால் ஸ்பனர் போகும். தகட்டை வெட்டினால் அந்த விளிம்பிலிருந்து துரு தொடங்கும்; காலி வீதியோரம் கடற்காற்றில் நிற்கும் காருக்கு அது தேவையில்லாத வினை.

முதலில் தாங்கியை இலேசாக்குங்கள். பழைய மினியின் தாங்கி 5.5 கலன், அதாவது சுமார் 25 லீற்றர். நிறைந்திருந்தால் பெற்றோல் மட்டும் 18 கிலோவுக்கு மேல். மூன்று, நான்கு லீற்றர் மிஞ்சும்வரை ஓட்டிவிட்டு வேலையைத் தொடங்கினால் வடிக்கவே வேண்டியதில்லை. வேலையைத் திறந்த முற்றத்தில் வையுங்கள், மூடிய கராஜில் அல்ல. பற்றரியும் இதே டிக்கியின் தளத்தில்தான் இருக்கிறது. எனவே பெற்றோலைத் தொடுமுன் அதன் ஏர்த் கம்பியைக் கழற்றிவிடுங்கள். கைத்தொலைபேசி டோர்ச் போதும். வயர் இழுத்த பல்ப் வேண்டாம்.

மினியின் ஹேண்ட்பிறேக் பின் சக்கரங்களையே பிடிக்கும். பின்புறத்தைத் தூக்கிய பிறகு அதனால் பயனில்லை. முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, முதல் கியரில் போட்டு நிறுத்துங்கள். முன் சக்கரங்கள் இழுக்கும் கார் என்பதால் கியர் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். ஜக்கில் மட்டும் நிற்கும் காருக்குள் தலையை நீட்டாதீர்கள். ஸ்டாண்ட் வைக்குமுன் சப்ஃபிரேமை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். துருவில் ஸ்க்ரூ டிரைவர் உள்ளே இறங்கினால் ஷொக்கை மறந்துவிட்டு முதலில் சப்ஃபிரேமைப் பாருங்கள்.

இனித் தாங்கி. அளவுமானிக்குப் போகும் வயர்களை உருவுங்கள். தாங்கியைக் கட்டியிருக்கும் இரும்புப் பட்டியின் போல்ட்டைக் கழற்றுங்கள். வெளியே பெற்றோல் மூடியைத் திறந்து, தாங்கியின் கழுத்து இறப்பர் வளையத்திலிருந்து விலகும்வரை தாங்கியை உள்பக்கமாகச் சாய்த்து இழுங்கள். கழுத்து விடுபட்டதும் மூடியைத் திரும்பப் போட்டுவிடுங்கள். கீழே உள்ள பெற்றோல் குழாய்க்குத் தளர்வு இருந்தால் அதைக் கழற்றாமலே இவ்வளவும் செய்யலாம். ஆனால் குழாய் கல்லாய் இறுகியிருந்தால் இழுவையிலேயே வெடிக்கும். வளைத்துப் பார்த்து வெடிப்புக் கோடு தெரிந்தால் புதுக் குழாயும் கிளிப்பும் வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். புதுக் குழாயை இரண்டு விரற்கடை கூடுதல் நீளமாக வெட்டுங்கள். அடுத்த தடவை தாங்கி நகர அந்தத் தளர்வு போதும்.

இப்போது நட்டு தெரியும். துரு இளக்கும் எண்ணெய் ஊற்றிக் கொஞ்சம் ஊறவிட்டால் நல்லது. தண்டும் சேர்ந்து சுற்றினால் அதன் நுனியில் தட்டையாகச் சீவிய பகுதியைச் சின்ன ஸ்பனரால் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்ப வேண்டும். ஸ்பனர் அங்குல அளவாகவே இருக்கட்டும். அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீற்றர், 13 ஸ்பனர் ஏறத்தான் ஏறும், ஆனால் துருப்பிடித்த நட்டின் மூலையை உருட்டிவிடும்.

பலர் தவறுவது இதற்கடுத்த கட்டத்தில். பின் சக்கரத்தைச் சுமக்கும் பின்கை எவ்வளவு கீழே தொங்கலாம் என்பதைக் கட்டுப்படுத்துவதே ஷொக்தான். அதைக் கழற்றினால் கை மேலும் இறங்கி, பிறேக்கின் நெகிழ் குழாயை இழுக்கும். மினியில் வில்லுக்குப் பதிலாக இருக்கும் இறப்பர்க் கூம்பைத் தள்ளும் எக்காளம் போன்ற தண்டும் இடத்தைவிட்டு நழுவும். நழுவியது தெரியாமல் காரை இறக்கினால் தண்டு கோணலாக மாட்டி, அதன் உருண்டை மூட்டு அமரும் பிளாஸ்டிக் கிண்ணத்தை உடைக்கும். ஆகவே நட்டைத் தொடுமுன்னே பின்கையின் கீழ் இன்னொரு ஜக்கை முட்டுக் கொடுங்கள்.

புது ஷொக்கை மாட்டுமுன் நிமிர்த்திப் பிடித்து ஐந்தாறு தடவை முழுதாக இழுத்து அழுத்துங்கள். கடையில் படுத்துக் கிடந்ததில் உள்ளே புகுந்த காற்று அப்போதுதான் விலகும். மேல் இறப்பர்களும் வாஷர்களும் இருந்த வரிசையைக் கழற்றும்போதே படம் எடுத்து வையுங்கள். கீழ் நட்டைக் கையிறுக்கமாக விட்டு, கார் சக்கரத்தில் நின்ற பிறகு முழுதாக இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் இறப்பர் எப்போதும் முறுகியே இருக்கும். ஷொக்கை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.

தாங்கியைத் திருப்பி வைக்கும்போது கழுத்து இறப்பரையும் மாற்றிவிடுவது புத்தி. அது வெடித்திருந்தால் மழைநீர் டிக்கிக்குள் இறங்கி, உதிரிச் சக்கரக் குழியில் தேங்கும். பட்டியின் போல்ட்டுக்குக் கொஞ்சம் செப்புக் கிறீஸ் பூசுங்கள். ஷொக்கின் மேல் நுனிப் புரிக்கும் கிறீஸ் தடவி இறப்பர்த் தொப்பி போட்டுவிட்டால், அடுத்த முறை அரை மணித்தியால வேலை.

கேள்வி: என் மினியின் பின் சக்கரம் ஒன்று மேற்புறம் உள்ளே சாய்ந்திருக்கிறது. குழியில் விழுந்தால் டொக் என்கிறது. கழற்றாமல் காரணம் கண்டுபிடிக்க முடியுமா? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: முடியும். சக்கரத்தைத் தூக்கி, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பின்கை அசையாமல் சக்கரம் மட்டும் ஆடினால் சக்கர பெயாரிங். கையும் சேர்ந்து ஆடினால் அந்தக் கை சுழலும் தண்டு தேய்ந்திருக்கிறது.

அந்தத் தண்டு ஒரு முனையில் ஊசி உருளை பெயாரிங்கிலும் மறுமுனையில் வெண்கல புஷ்ஷிலும் நிற்கிறது. கிறீஸ் நிப்பிள் வெளிமுனையில், மூடிக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே ஒன்றிரண்டு தடவை அழுத்திவிட்டுப் போனால் உள்முனைக்குக் கிறீஸ் போய்ச் சேராது. உள்முனையில் புதுக் கிறீஸ் எட்டிப் பார்க்கும்வரை அழுத்துங்கள். கொழும்பு மழைக்கு ஒவ்வொரு பருவமழை முடிந்ததும் செய்வது நல்லது. தேய்ந்த பிறகு கிறீஸ் மருந்தாகாது. தண்டையும் பெயாரிங்கையும் புஷ்ஷையும் சேர்த்து மாற்ற வேண்டும். புது புஷ்ஷைத் தண்டின் அளவுக்கு, மறுமுனையோடு ஒரே நேர்கோட்டில், துளையை அளவாகச் சீவும் ரீமர் போட்டு எடுக்க வேண்டும். அரத்தாள் தேய்த்து நுழைப்பவரிடம் கொடுக்காதீர்கள். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பழைய கை வாங்குவதானால் தண்டை உருவிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: மினியின் பின் இறப்பர்க் கூம்பை மாற்ற, முன்பக்கத்துக்குப் போல விசேட அழுத்தும் கருவி தேவையா? (தெஹிவளை வாசகர்)

பதில்: தேவையில்லை. ஷொக்கின் கீழ் முனையைக் கழற்றி, பிறேக் குழாயையும் ஹேண்ட்பிறேக் கேபிளையும் விடுவித்து, ஜக்கை மெல்ல இறக்கினால் பின்கை தொங்கும். எக்காளத் தண்டு கையோடு வரும். பிறகு கூம்பைச் சப்ஃபிரேமிலிருந்து நெம்பி எடுக்கலாம். முன்னும் பின்னும் ஒரே கூம்புதான். தண்டு நுனியின் உருண்டை மூட்டையும் பிளாஸ்டிக் கிண்ணத்தையும் சேர்த்து மாற்றி, கிண்ணத்தில் கிறீஸ் நிரப்புங்கள். கடைசியில் பிறேக்கில் காற்று எடுக்க மறக்க வேண்டாம். புதுக் கூம்பில் கார் உயர்ந்து நிற்கும். ஓட ஓட அமரும்.

ஒரு எச்சரிக்கை: 1964 முதல் 1971 வரையான சலூன் மினிகளில் பல ஹைட்ரோலாஸ்டிக் வகை. இறப்பர்க் கூம்புக்குப் பதில் அழுத்தத்தில் அடைத்த திரவம் இருக்கும். அழுத்தத்தை உரிய கருவியால் இறக்காமல் அதில் ஒரு நட்டையும் தளர்த்தக் கூடாது.

கேள்வி: மொறிஸ் மைனரிலும் தாங்கி இப்படி இடைஞ்சல் செய்யுமா? (மட்டக்குளி வாசகர்)

பதில்: செய்யாது. அதன் தாங்கி டிக்கித் தளத்துக்குக் கீழே தட்டையாகக் கிடக்கிறது. வில்தகடும் நெம்புகோல் ஷொக்கும் கீழிருந்தே கைக்கு எட்டும். வில்தகட்டை அச்சோடு கட்டும் யூ போல்ட் நட்டுகளைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்யாமல் திருப்பினால் புரி போய்விடும், அது மட்டும்தான் கவனம்.