வெயில் காலத்தில் வீட்டில் செய்யும் காக்டெயில் ஏன் சுவை கூடி வருவதில்லை?

நல்ல ரம், வாடாத புதினா, எலுமிச்சை எல்லாம் வாங்கி வைத்தும் வீட்டில் செய்யும் மொஹீட்டோ சப்பென்றோ நெடியாகவோ அமைந்துவிடுகிறது, இதற்கு எந்தெந்தக் கருவிகள் வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னைக் கோடையில் பல ஆண்டுகளாக வீட்டில் இந்தப் பானங்களைச் செய்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: கருவி எதுவும் வாங்க வேண்டாம், முதலில் உங்கள் ஐஸைக் கவனியுங்கள்.

நான் முதன்முதலில் மொஹீட்டோ செய்தது ஒரு சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை, என் மைத்துனர் வந்திருந்தபோது. ஃப்ரிட்ஜில் ஒரே ஒரு சிறிய தட்டு ஐஸ்தான் இருந்தது. பானம் நீர்த்துப் போய்விடக் கூடாதே என்ற எண்ணத்தில் ஆளுக்கு நான்கு துண்டுகளை மட்டும் போட்டு, அலமாரியிலிருந்து எடுத்த சோடாவை அப்படியே ஊற்றினேன். முதல் மடக்கில் ரம் நெடி ஏறியது. பாதிக் கோப்பை காலியாவதற்குள் ஐஸ் முழுவதும் கரைந்து வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீர்தான் மிஞ்சியது. அதில் ஃப்ரீசரில் இருந்த வஞ்சிரத்தின் வாடையும் சேர்ந்துகொண்டது. அன்று நடந்ததற்குக் காரணம் ரம் அல்ல என்பது பிறகுதான் விளங்கியது.

ஐஸ் ஒரு பானத்தைக் குளிர்விப்பது பெரும்பாலும் அது உருகுவதால்தான். ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் ஐஸ், 0 டிகிரிக்கு ஏறும்வரை உள்ளிழுக்கும் வெப்பம் ஏறத்தாழ 9 கலோரி. அதே ஒரு கிராம் உருகித் தண்ணீராகும்போது 80 கலோரியை இழுத்துக்கொள்கிறது. ஆகவே குளிர்ச்சி வேண்டும், ஆனால் தண்ணீர் சேரக் கூடாது என்று ஐஸை எதிர்பார்ப்பதில் பொருளில்லை. இரண்டும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள். உருகாத கற்களைக் கோப்பையில் போட்டு விஸ்கியைக் குளிர்விப்பவர்களுக்குக் குளிர்ச்சி போதாமல் போவதும் இதனால்தான். நாம் தீர்மானிக்கக்கூடியது எவ்வளவு தண்ணீர் சேர வேண்டும் என்பதை மட்டுமே. 32 டிகிரி சூட்டில் இருக்கும் 150 மி.லி. சோடாவை 0 டிகிரிக்கு இறக்க ஏறத்தாழ 60 கிராம் ஐஸ் உருக வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், நான் அன்று அலமாரியிலிருந்து எடுத்து ஊற்றியது சோடாவை மட்டும் அல்ல, கால் டம்ளர் தண்ணீரையும்தான் என்பது தெரியும். சோடா, டானிக் (ஜின்னுடன் கலக்கும் கசப்புச் சோடா), கோப்பை ஆகிய மூன்றையும் முன்கூட்டியே குளிர வைத்துவிட்டு, கோப்பையின் விளிம்புவரை ஐஸை நிரப்பினால் பானம் கடைசி மடக்குவரை தன் நிலையில் நிற்கும். குளிர்ந்த சோடாவில் வாயு தங்குவதும் அதிகம்.

ஐஸுக்கென்று ஒரு மூடி போட்ட டப்பாவை ஒதுக்கிவிடுங்கள். திறந்த தட்டில் உறையும் ஐஸ், மீனோ வெங்காயமோ எது பக்கத்தில் இருந்தாலும் அதன் வாடையைப் பிடித்துக்கொள்ளும். முந்தின நாளே உறைய வைத்து, எடுத்தவுடன் பயன்படுத்துங்கள். வெளியே பத்து நிமிடம் இருந்து மேலே நீர் கோத்த ஐஸ், வேலையைத் தொடங்கும் முன்பே தண்ணீரைச் சேர்த்துவிடுகிறது.

பழகிக்கொள்வதற்கு மொஹீட்டோவைவிட டைக்கிரியே ஏற்றது என்பது என் கருத்து, ஏனென்றால் அதில் ரம், எலுமிச்சை, சர்க்கரை ஆகிய மூன்றே பொருள்கள் இருப்பதால் தவறு எங்கே என்று நாக்கு உடனே சொல்லிவிடும். கியூபாவின் சாண்டியாகோ நகருக்கு அருகில் உள்ள டைக்கிரி என்ற கடலோர ஊரின் பெயர்தான் பானத்தின் பெயராயிற்று. 1898-இல் அமெரிக்கப் படைகள் கரையிறங்கிய இடம் அது; அங்கிருந்த இரும்புச் சுரங்கங்களில் பணியாற்றிய ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர்தான் இதை முதலில் கலந்தார் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. வெள்ளை ரம் 60 மி.லி., எலுமிச்சைச் சாறு 22 மி.லி., சர்க்கரைக் கரைசல் 20 மி.லி. என்பது என் அளவு. சர்க்கரையைச் சம எடை வெந்நீரில் கரைத்து ஆற வைத்ததுதான் கரைசல். குளிர்ந்த பானத்தில் சர்க்கரையை அப்படியே போட்டால் அடியில் மணலாகத் தங்கிவிடும்.

ஷேக்கர் இல்லையென்றால், இறுக்கமாக மூடும் அகன்ற வாய் எவர்சில்வர் பாட்டில் ஒன்று போதும். ஐஸை முக்கால் பங்கு நிரப்பி, 12 முதல் 15 விநாடி வரை வேகமாகக் குலுக்க வேண்டும். முதலில் கட்டிகள் மோதும் சத்தம் கணீரென்று கேட்கும். சிறிது நேரத்தில் அது மழுங்கும், பாட்டிலின் வெளிப்பக்கம் வெண்மையாகப் பனி படியும், விரல்கள் ஒட்டிக்கொள்வதுபோல் கடுக்கும். அதுதான் நிறுத்த வேண்டிய தருணம். சாராயம் கலந்த நீர் 0 டிகிரியில் உறையாது என்பதால் பானம் மைனஸ் 5 டிகிரியை ஒட்டிக்கூடக் குளிர்ந்திருக்கும். கூடவே கணிசமான அளவு தண்ணீரும் சேர்ந்திருக்கும். அந்தத் தண்ணீர்தான் ரம் நெடியை அடக்கி அதன் மணத்தை வெளியே கொண்டுவருகிறது. டீ வடிகட்டியில் வடித்துக் கோப்பையில் ஊற்றுங்கள். சோடா சேரும் எதையும் மூடிக் குலுக்கக் கூடாது, மூடி பீறிட்டுவிடும்.

மேல்நாட்டு அளவுகளைப் பார்த்துச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது விதையில்லாத பெரிய பாரசீக எலுமிச்சை. நம் சந்தையில் கிடைக்கும் மெல்லிய தோல் கொண்ட சிறு எலுமிச்சை அதைவிடப் புளிப்பும் மணமும் மிகுந்தது. அவர்கள் 30 மி.லி. என்று சொல்லும் இடத்தில் நமக்கு 22 அல்லது 25 போதும். அன்றைக்குப் பிழிந்த சாறாக இருக்கட்டும். குலுக்கும் முன் சுவை பார்த்தால் சற்றுக் கூடுதலாக இனிக்க வேண்டும், ஏனெனில் குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். ஓல்டு மங்க் போன்ற கருப்பு ரம்மை நான் இதில் சேர்ப்பதில்லை. அதன் வெனிலா மணம் எலுமிச்சையை மூடிவிடுகிறது.

மொஹீட்டோவில் புதினாவைத் துவையலுக்கு அரைப்பதுபோல் நசுக்கிவிடுவதுதான் நெடிக்கு அடுத்த காரணம். மணம் இலையின் மேற்பரப்பில் இருக்கிறது, கசப்பு உள்ளே இருக்கிறது. எட்டுப் பத்து இலைகளைச் சர்க்கரைக் கரைசலோடு சேர்த்து, கரண்டிக் காம்பால் இரண்டு மூன்று முறை இதமாக அழுத்தினால் போதும். மேலே வைக்கும் கொழுந்தை உள்ளங்கையில் ஒருமுறை தட்டிவிட்டு வையுங்கள்.

ஜின் டானிக்குக்குக் குலுக்கல்கூட வேண்டாம்: ஐஸ் நிரம்பிய உயரமான கோப்பையில் 50 மி.லி. ஜின், 150 மி.லி. குளிர்ந்த டானிக், ஒரு துண்டு எலுமிச்சை. டானிக்கின் கசப்பு சின்கோனா மரப்பட்டையின் கொய்னாவிலிருந்து வருவது. மலேரியாவுக்கு மருந்தான அந்த மரத்தை 1860-களில் ஆங்கிலேயர் நம் நீலகிரியில், தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பயிரிட்டார்கள்.

இவை எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் தாகம் தீர்ப்பவை அல்ல. மது உடலிலிருந்து நீரை வெளியேற்றும் என்பதால், ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் மேசையில் இருக்கட்டும். வண்டி ஓட்டிச் செல்ல வேண்டியவர்களுக்கும் மது அருந்தாதவர்களுக்கும் நான் ரம்முக்குப் பதிலாக 60 மி.லி. கடுந்தேயிலை டிகாக்ஷனை ஆற வைத்து ஊற்றி, சாற்றையும் கரைசலையும் அதே அளவில் சேர்த்து, அதே ஐஸில் குலுக்கிக் கொடுக்கிறேன். ரம் தரும் காரத்தின் இடத்தைத் தேயிலையின் துவர்ப்பு எடுத்துக்கொள்வதால் அது வெறும் எலுமிச்சைச் சாறுபோல் இருப்பதில்லை, என் மனைவி கோடை முழுவதும் விரும்பிக் குடிப்பது அதைத்தான்.