என்இஎஸ் பெட்டிக்குள் பிசி: நான்கு நொடியில் ஏன் அணைகிறது?

நண்பரே, நின்டெண்டோவின் பழைய வீடியோ கேம் கருவியான என்இஎஸ்ஸின் பெட்டிக்குள் பிசி அமைத்திருக்கிறீர்கள்; அதன் பவர் பட்டனை அழுத்தினால் பிசி ஆன் ஆகி, நான்கைந்து நொடியில் தானாக அணைந்துவிடுகிறது என்கிறீர்கள். மதர்போர்டைச் சந்தேகிக்க வேண்டாம், பவர் சப்ளையையும் மாற்ற வேண்டாம். கோளாறு அந்தப் பட்டனில்தான்.

என்இஎஸ் பவர் பட்டன் ஒருமுறை அழுத்தினால் உள்ளேயே பூட்டிக்கொள்ளும், மறுமுறை அழுத்தினால்தான் வெளியே வரும். பிசிக்குத் தேவை தொட்டதும் விட்டுவிடும் பட்டன். உங்கள் பட்டன் பூட்டிக்கொண்டே இருப்பதால், யாரோ விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருப்பதாக மதர்போர்டு நினைக்கிறது. சுமார் நான்கு நொடி அழுத்தினால் கட்டாயமாக அணைப்பதுதான் அதன் வழக்கம்.

சுலபமான வழி, பக்கத்திலுள்ள ரீசெட் பட்டனின் வயர்களை மதர்போர்டின் பவர் ஸ்விட்ச் பின்களில் செருகுவது. அது பூட்டிக்கொள்ளாத பட்டன். பவர் பட்டனையே பயன்படுத்த ஆசையென்றால், அதே அளவில் பூட்டாத ஸ்விட்ச் ஒன்றை அதன் பின்னால் பொருத்துங்கள். எனக்கு இதுதான் பிடிக்கும், பழைய பெட்டியின் உயிரே அந்தப் பட்டனில் இருக்கிறது.

சூட்டையும் கவனியுங்கள். மினி ஐடிஎக்ஸ் எனும் சிறிய அளவு மதர்போர்டு 170 மி.மீ. சதுரம், அகலத்தில் இடிக்காது, உயரம்தான் நெருக்கடி. படம் பார்க்க மட்டும் என்றால் இன்டெல் என்100 ப்ராசஸர் போதும், 6 வாட்தான். மேல் மூடியின் காற்றுத் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். பவர் அடாப்டர் பெட்டிக்கு வெளியே இருக்கட்டும்.

என்இஎஸ்ஸிலிருந்து கழற்றிய பழைய போர்டு வேலை செய்தால் தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்துங்கள்.