செம்பனைத் தோட்டத்து விடியல் பனி: டைம்லாப்ஸுக்கு எத்தனை விநாடி இடைவெளி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைக்கு மேல் பனி கலைவதை டைம்லாப்ஸாக, அதாவது இடைவெளி விட்டு எடுத்த படங்களைக் கோத்து வேகமாக ஓடவிடும் காணொளியாக எடுக்க, எத்தனை விநாடிக்கு ஒரு படம், ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் கேமராவுக்குள் ஒளி விழும் நேரம்) எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள்.

பனி நிற்பது போலத் தெரிந்தாலும் நகர்ந்துகொண்டே இருக்கும். 4 விநாடிக்கு ஒரு படம் வையுங்கள். விநாடிக்கு 25 படம் ஓடும் காணொளியில் 10 விநாடிக்கு 250 படம் வேண்டும், அதாவது ஏறக்குறைய 17 நிமிடம். நான் ஒரு மணி நேரம் ஓடவிடுவேன்: 900 படம், 36 விநாடி.

ஷட்டர் இடைவெளியில் பாதி, அதாவது 2 விநாடி இருக்கட்டும். 1/500 விநாடி வைத்தால் காற்றில் ஆடும் மட்டைகள் வெடுக்வெடுக்கென்று துள்ளும். பனியின் அழகே போய்விடும். சரி, வெயில் ஏறினால் 2 விநாடிக்குப் படம் வெளுத்துவிடுமே? லென்ஸுக்கு முன்னால் என்டி ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கருப்புக் கண்ணாடி) போடுங்கள். அப்புறம், ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ஆட்டோவில் விடவே விடாதீர்கள். படத்துக்குப் படம் நிறம் மாறும்.