கனடாவிலிருந்து வந்த கரார்ட் 301 ஏன் மெதுவாகச் சுழல்கிறது?

திருகோணமலை உவர்மலையிலிருந்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ரொறன்ரோவில் காலமான மாமாவின் கரார்ட் 301 ரெக்கோட் பிளேயர் கப்பலில் வந்து சேர்ந்தது. 230 வோல்ற்றை 120 ஆகக் குறைக்கும் நிலைமாற்றி வாங்கிப் பொருத்தினோம். ஒலி சுத்தமாகத்தான் வருகிறது. ஆனால் பாடுபவர்கள் எல்லாரும் தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல் இருக்கிறது. பெட்டியில் இருந்த வேகம் பார்க்கும் அட்டையைத் தட்டில் வைத்து, மேசை விளக்கின் கீழ் குமிழைச் சற்றுத் திருகினால் கோடுகள் அசையாமல் நிற்கின்றன. திருத்துநர் ஒருவர் மோட்டரின் கம்பிச்சுற்று பலமிழந்துவிட்டது, புதிதாகச் சுற்ற வேண்டும் என்கிறார். கொழும்பிலிருந்து வந்த வேறொருவர் இதைத் தந்தால் புதிய பிளேயர் ஒன்று தருவதாகச் சொல்கிறார். என்ன செய்வது, ஐயா?"

இரண்டு பேருக்கும் கொடுக்க வேண்டாம். உங்கள் மோட்டரில் பழுது இருப்பதாக நீங்கள் எழுதிய எதிலும் அறிகுறி இல்லை. அது கனடாவின் மின்சாரத்துக்கென்று பொருத்தப்பட்ட கப்பியோடு இலங்கை மின்சாரத்தில் ஓடுகிறது, அவ்வளவுதான். கனடாவில் மின்சாரம் விநாடிக்கு 60 தடவை முன்னும் பின்னுமாகப் போய்வருகிறது, இங்கே 50 தடவை. பாடசாலையில் மீடிறன் என்று படித்தது இதைத்தான், அதன் அலகு ஹேர்ட்ஸ். 301 இல் உள்ள தூண்டல் மோட்டரின் வேகம் மீடிறனைப் பின்தொடர்வது. வோல்ற்றளவைக் குறைக்கும் நிலைமாற்றி மீடிறனைத் தொடுவதே இல்லை. ஆகவே நிமிடத்துக்கு 33⅓ தடவை சுற்ற வேண்டிய தட்டு ஏறத்தாழ 27.8 தடவை சுற்றுகிறது. ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கும் ஒரு மயிரிழை கீழே பாடுவதாகக் கேட்பது அதனால்தான்.

அட்டை ஏன் பொய் சொல்கிறது என்று நீங்கள் கேட்கக்கூடும். அது பொய் சொல்லவில்லை, அதுவும் கனடாக்காரன். விளக்கின் ஒளி மின்சாரத்தோடு சேர்ந்து துடிப்பதால்தான் கோடுகள் நிற்பதுபோல் தெரிகின்றன. 60 ஹேர்ட்ஸ் விளக்கின் கீழ் பார்ப்பதற்கான அட்டையில் 33⅓ வேகத்துக்கு 216 கோடுகள் இருக்கும். நமது 50 ஹேர்ட்ஸ் விளக்கின் கீழ் பார்ப்பதற்கானதில் 180. 216 கோட்டு அட்டையை இங்குள்ள விளக்கின் கீழ் வைத்தால், தட்டு 27.8 இல் சுற்றும்போதுதான் கோடுகள் நிற்கும். தப்பான வேகமும் தப்பான அட்டையும் ஒன்றையொன்று சரியென்று சாட்சி சொல்கின்றன. அட்டையை எடுத்து வைத்துவிட்டு, தட்டின் ஓரத்தில் ஒரு சிறு காகிதத் துண்டை ஒட்டி, கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிடம் எண்ணுங்கள். சரியான வேகமென்றால் 100 சுற்று வரும். உங்களுக்கு 83 அளவில்தான் வரும். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி, மோட்டரைச் சுற்றச் சொன்னவரிடம் காட்டுங்கள். கம்பிச்சுற்று பலமிழந்த மோட்டர் எப்படி இவ்வளவு ஒழுங்காக ஆறில் ஒரு பங்கு மட்டும் குறைகிறது என்று கேளுங்கள்.

தேவையானது மோட்டர் அச்சில் இருக்கும் பித்தளைக் கப்பி ஒன்று மாத்திரம். மூன்று வேகத்துக்கும் மூன்று படியாகக் கடைந்த, விரல்நுனியளவுச் சாமான் அது. 50 ஹேர்ட்ஸ் கப்பி 60 ஹேர்ட்ஸ் கப்பியைவிட விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பெரிது. வேகத்தை நுணுக்கமாகச் சரிசெய்யும் குமிழ் சில வீதம் மட்டுமே கூட்டிக் குறைக்கும், இந்த இடைவெளியை அதனால் நிரப்ப முடியாது. கப்பிக்கும் தட்டுக்கும் இடையில் நின்று தட்டைச் சுழற்றும் இடைச்சக்கரத்தின் றப்பரில் நாடா சுற்றலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால், கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

பக்கத்துக் கடைச்சல் பட்டறையில் கப்பி கடைந்து தருகிறேன் என்பார்கள். நானே ஒருமுறை அதற்கு உடன்பட்டேன். பார்வைக்கு மிக அழகான கப்பி. ஆனால் துளை நடுவிலிருந்து ஒரு தலைமயிர் அளவு விலகியிருந்தது. அந்த அச்சு விநாடிக்கு ஏறத்தாழ 25 தடவை சுற்றுவது, ஆகவே நாதஸ்வரத்தின் நீண்ட கார்வை முழுவதும் காய்ச்சல்காரனின் கைபோல நடுங்கியது. இந்த யந்திரத்துக்கென்றே செய்து விற்கும் கப்பியை வெளிநாட்டிலிருந்து தருவிப்பதே நல்லது. தருவிப்பது இலகு என்று சொல்ல மாட்டேன். எனது கப்பி வந்தபோது, ஓர் அலுவலகத்தில் ஒருவர் அதை உருட்டி உருட்டிப் பார்த்து யந்திர உதிரிப்பாகம் என்றார், இன்னொருவர் பழம்பொருள் என்றார், மூன்றாமவர் படிவத்தை மாற்றி நிரப்பி வரச் சொன்னார். பத்துக் கிராம்கூட இல்லாத பித்தளைக்கு மூன்று பயணம். விலைச்சிட்டையின் பிரதிகளைக் கையோடு கொண்டு போங்கள்.

ஒரு விலக்கை மாத்திரம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்களைக் குழப்புவதற்கு அதையே பயன்படுத்துவார்கள். "எனது மைத்துனரும் கனடாவிலிருந்து கொண்டுவந்தார், நிலைமாற்றி போட்டதும் சரியாக ஓடியது" என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 போன்ற யந்திரங்களில் தட்டை மோட்டர் நேரடியாகச் சுழற்றுகிறது; அதன் வேகத்தைக் குவாட்ஸ் படிகத்தின் துடிப்பு தீர்மானிக்கிறது, சுவரிலிருந்து வரும் மின்சாரம் தீர்மானிப்பதில்லை. அவற்றுக்கு வோல்ற்றளவு பொருந்தினால் போதும், மீடிறன் எதுவானாலும் வேகம் மாறாது. மைத்துனருடையது அவ்வகையாக இருக்கும். 1954 இல் வெளிவந்த 301 இல் படிகமும் இல்லை, மின்னணுச் சுற்றும் இல்லை. இரண்டும் ரெக்கோட் பிளேயர்தான் என்பதற்காக ஒன்றின் மருந்து மற்றதற்குப் பொருந்தாது.

கப்பி மாற்றும் நாளில், மோட்டரின் இணைப்புத் துண்டுகளை 230 வோல்ற் நிலைக்கு மாற்றித் தரும்படியும் கேளுங்கள். 301 இல் அதற்கு வழி உண்டு. அதன்பின் நிலைமாற்றியே தேவையில்லை. ஊசிக்குப் பக்கத்தில் நிலைமாற்றி இருந்தால் வரும் உறுமலும் அத்தோடு போய்விடும். வேலையை உங்கள் கண்முன்னால் செய்விக்க வேண்டும். யந்திரத்தை விட்டுவிட்டு வரச் சொன்னால் விடாதீர்கள். உள்ளே இருந்த அசல் இடைச்சக்கரமும் நடு அச்சும் வேறு யந்திரத்துக்குக் குடிபோன கதைகள் எனக்கு நிறையத் தெரியும். மாற்றுப் பிளேயர் தருவதாகச் சொன்னவர் பழுதை நம்பி உங்கள் வாசலுக்கு வரவில்லை. பழுதில்லை என்று தெரிந்துதான் வந்திருக்கிறார்.

இன்னொன்று, நிறுத்தும்போது ஒவ்வொரு முறையும் யந்திரத்தின் ஆளியாலேயே நிறுத்துங்கள், சுவரில் நிறுத்தாதீர்கள். ஆளியைத் திருப்பினால்தான் இடைச்சக்கரம் கப்பியை விட்டு விலகும். அழுந்தியபடியே கிடந்தால் றப்பரில் பள்ளம் விழுந்து, பிறகு பாட்டோடு சேர்ந்து தடதடக்கும். ஊசியின் பாரத்தை வேகம் சரியான பிறகு பார்த்தால் போதும். சிறிய ஊசித் தராசு ஒன்றை வாங்கி, உங்கள் ஊசியைச் செய்தவர்கள் குறித்த கிராம் அளவுக்கு வையுங்கள், விரலால் மதிப்பிட வேண்டாம்.

கழற்றிய கனடாக் கப்பியையும் எறிந்துவிடாதீர்கள். உப்புக்காற்றுப் படாமல் சிறு டப்பாவில் போட்டு யந்திரத்தின் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். என்றாவது விற்க நேர்ந்தால், அது இல்லையென்று சொல்லியே விலையைக் குறைக்க ஒருவர் வருவார்.